வாங்க வராத அறிக்கை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்டால், "தெரிஞ்சு என்ன பண்ணப் போறே" என்பாய். அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தைப் பாதியில் வைத்தால் மீதியை அப்புறம் படிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புத்தகம் முடித்திருக்கிறேன். பெயர் 'நம்பிக்கையின் நிரூபணம்'. அறிவியலும் கடவுளும் ஒன்றுக்கொன்று எதிரி என்று உன்னைப் போன்றவர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, அதற்கு ஒரு முற்றுப்புள்ளி. எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு வருஷத்தில் நோய் தீர்ந்த நூறு பேரைப் பற்றிய அட்டவணை அதில் இருக்கிறது. வயது, தொழில், நோய், பிரார்த்தனை தொடங்கிய தேதி, குணமான தேதி எல்லாம் உண்டு. பெயர் மட்டும் கிடையாது, எண்தான். முழுக் குணம் எழுபத்தெட்டு சதவீதம், மீதிப் பேருக்குப் பாதிக் குணம். நான் வாயால் வடை சுடுகிறவன் இல்லை. பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். அளக்காமல் எதையும் நம்பமாட்டேன்.

பதினேழாம் எண்ணைப் பார். தையல்காரர், வயது நாற்பத்தாறு. கழுத்தில் இடப்பக்கம் வீக்கம், வலி இல்லை. டிசம்பர் 2 அன்று ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு சதை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அங்கே போகவே இல்லை, எங்களிடம் வந்தார். வெர்னியர் காலிப்பரால் வாராவாரம் நானே அளந்தேன். டிசம்பரில் 31.4 மில்லிமீட்டர், ஜனவரி முடிவில் 12.2. கருவியின் சுழிப் பிழையைக் கழித்த பிறகுதான் சொல்கிறேன். மனிதர் கடையை மூடிவிட்டுக் கூடத்தின் பின்னறையிலேயே தங்கிவிட்டார். ஊர் ஊராக எங்களுடன் வந்து சாட்சி சொல்கிறார். ஏப்ரல் 5 அன்று புதுக் கூடத்தின் திறப்பு. அன்றைக்குப் புத்தகமும் வெளிவரும், அவரும் மேடையில் பேசுவார்.

உன்னிடம் கேட்பது ஒரு முன்னுரை. உன் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களுக்காகத்தான் கேட்கிறேன், மறைக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லில் செத்த சதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உயிருள்ள ஒன்றுக்கு ஒரு தடவை கையெழுத்துப் போடு. புண்ணியம் என்ற சொல் உனக்குப் பிடிக்காது என்று தெரியும், அதனால் உபகாரம் என்று வைத்துக்கொள்.

தம்பி

---

பிப்ரவரி 16

வாத்தியார் தம்பிக்கு,

அட்டவணை வந்து சேர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றுகிற அம்மா சிரிப்பதே அபூர்வம். முப்பத்திரண்டாம் எண்ணுக்குச் சளி ஒன்பது நாளில் தீர்ந்தது என்ற இடத்தில் அவரே சிரித்துவிட்டார். சளி ஒன்பது நாளில் தீராமல் தொண்ணூறு வயது வரைக்குமா கூட வரும்?

பதினோரு வருஷம் பாடம் நடத்தினாயாம். அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. நூறு பேரை எப்படிச் சேர்த்தாய் என்று முன்பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: "கூடத்துக்குத் திரும்பி வந்து சாட்சி சொன்னவர்கள்." திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்? அதற்கு அட்டவணையில் இடமே இல்லை. ஓடுகிற பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு, "எல்லாருக்கும் பஸ் கிடைச்சுதா"ன்னு கேட்டால், கிடைச்சுதுன்னுதான் சொல்வார்கள். கிடைக்காதவன் ரோட்டில் நிற்கிறான். அவனைப் போய்க் கேட்டாயா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்கு நீ காக்கையின் எடையைத் தசம ஸ்தானத்தோடு அளந்து வைத்திருக்கிறாய்.

இதற்கு முன்னுரை எழுதச் சொல்ல உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும். அம்மா போன அன்றைக்கு, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "வீட்ல ஒருத்திக்கு நம்பிக்கை இல்லாததாலதான் அம்மா பிழைக்கல"ன்னு சொன்னவன் நீ. அந்த ஒருத்தியின் கையெழுத்து இப்போது புத்தகத்துக்கு வேண்டுமாம்.

பிப்ரவரி 17

நேற்று இதற்கு மேலும் நாலு வரி திட்டி எழுதி, மடித்து வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன். இன்று காலையில் அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன், இந்த முறை சிரிப்பதற்காக இல்லை.

கவனமாகப் படி. உன் ஊர் ஆஸ்பத்திரியில் எடுக்கிற சதைத் துண்டுகள் எங்களிடம்தான் வருகின்றன. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். நோயாளி வந்து அறிக்கையை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க வராதவர்களின் பட்டியல் மாதம் ஒரு முறை எங்களுக்குத் திரும்பி வரும். அந்தப் பட்டியலில் இருக்கிற ஒருவர் உன்னுடைய நூறு பேரிலும் இருக்கிறார், வயதும் விவரமும் அப்படியே பொருந்துகின்றன. அவருடைய ஸ்லைடை நான் பார்த்திருக்கிறேன்.

யார் என்று உனக்குச் சொல்லமாட்டேன். என்ன பார்த்தேன் என்றும் சொல்லமாட்டேன். ஒருவர் உடம்புக்குள் இருப்பது அவருக்கும் அவருடைய டாக்டருக்கும் தெரியலாம், பிரசங்கம் பண்ணுகிறவனுக்குத் தெரியக் கூடாது. இவ்வளவு சொன்னதே அதிகப்படி. உன் நூறு பேரில் ஆஸ்பத்திரியில் சதை எடுத்தவர்கள் அத்தனை பேரையும் அறிக்கையை வாங்கிக்கொள்ளச் சொல். இந்த வாரமே சொல். நான் விளையாடவில்லை.

அக்கா

---

பிப்ரவரி 26

அக்கா,

உன் கடிதத்தில் முதல் பாதி எதிர்பார்த்ததுதான். இரண்டாம் பாதியை எதிர்பார்க்கவில்லை. தர்க்கத்தில் ஜெயிக்க முடியாதவர்கள் கடைசியில் பயமுறுத்துவார்கள் என்று எங்கள் பெரியவர் அடிக்கடி சொல்வார். கூடத்தை நடத்துகிறவர் அவர்தான், படிக்காத மனிதர். நீயோ அத்தனை படித்தும் பூச்சாண்டி காட்டுகிறாய்.

'ஒருவர்' என்கிறாய், 'பார்த்தேன்' என்கிறாய், 'சொல்லமாட்டேன்' என்கிறாய். இதைத்தான் நாங்கள் செய்தால் மூடநம்பிக்கை என்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நீ பார்த்துவிட்டாய், நாங்கள் உன் வார்த்தையை நம்பி நடுங்க வேண்டும். நீயும் ஒரு பூசாரிதான் அக்கா, வெள்ளைக் கோட்டுப் போட்ட பூசாரி.

திரும்பி வராதவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று நக்கல் வேறு. நம்பிக்கை இல்லாமல் பாதியில் போனவனை நம்பிக்கையின் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? மாத்திரையைச் சாப்பிடாதவனை மருந்தின் கணக்கில் நீ சேர்ப்பாயா?

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தத் தையல்காரர் இருபது வருஷம் குனிந்து தைத்து முதுகு வளைந்த மனிதர். யாரும் அவரை ஒரு வார்த்தை பேச விட்டதில்லை. இப்போது முந்நூறு பேர் அவர் பேச்சைக் கேட்டு அழுகிறார்கள். அவர் முகத்தில் வந்திருக்கும் தெளிவை ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டிக் கெடுக்க வேண்டுமா? மனம் உடைந்தால் உடம்பும் உடையும், இது உங்கள் மருத்துவமே ஒப்புக்கொண்டதுதானே. அவரை விட்டுவிடு.

முன்னுரை வேண்டாம். உன்னிடம் கேட்டது என் தப்பு.

தம்பி

---

மார்ச் 2

தம்பி,

நூறு பேரில் ஒருவர் என்றுதான் நான் எழுதினேன். தையல்காரர் என்று எழுதவில்லை. சதை எடுத்ததாக உன் அட்டவணையில் பதினான்கு பேர் இருக்கிறார்கள், எண்ணிப் பார்த்தேன். பதினான்கில் நீயாக ஏன் அவரை எடுத்தாய்? எந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறாய்? அறிக்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றுதானே எழுதினேன், காட்டுவதற்கு உன்னிடம் ஏது காகிதம்?

அவர்தானா என்று நீ கேட்டால் ஆமாம் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். நடைமுறையை மட்டும் சொல்கிறேன். அறிக்கையை வாங்க வராதவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் போகும். வாங்க வராத ஒருவருக்கு ஜனவரியில் போன கடிதம், முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. பிப்ரவரி 17 அன்று நான் ஆஸ்பத்திரி குமாஸ்தாவைக் கூப்பிட்டு, உங்கள் பிரார்த்தனைக் கூடத்தின் முகவரியைக் கொடுத்தேன். மறுநாளே இரண்டாவது கடிதத்தை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அது திரும்பி வரவில்லை. யாரோ வாங்கியிருக்கிறார்கள். கூடத்துக்கு வருகிற தபாலை யார் வாங்குகிறார்கள் என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை.

என்னைப் பூசாரி என்றாய். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். ஆனால் நாலு வருஷமாக நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய், என் அக்காவுக்குக் கடவுள் கிடையாது என்று. உனக்கு யார் சொன்னது? நான் சொன்னேனா?

ஒவ்வொரு ஸ்லைடையும் மைக்ராஸ்கோப்பில் வைத்ததும், கண்ணை வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கும்பிடுவேன். எதிரே பெயர் இருக்காது, எண் மட்டும்தான். 'இந்த எண்ணுக்குரிய ஆள் நல்லா இருக்கணும்' என்பேன், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நான் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியும். நீ கேட்டதே இல்லை, சொல்லத்தான் செய்தாய்.

கும்பிட்டு முடித்ததும் குனிந்து பார்ப்பேன். என்ன இருக்கிறதோ அதை எழுதுவேன். கும்பிட்டேன் என்பதற்காக ஒரு நாளும் உள்ளே இருப்பதை மாற்றி எழுதியதில்லை. உள்ளே கெட்டது இருந்தது என்பதற்காக ஒரு நாளும் அடுத்த ஸ்லைடுக்குக் கும்பிடாமல் விட்டதில்லை. அறிவியலையும் கடவுளையும் சேர்த்து வைக்க நீ முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்கு அதற்கு ஒரு நாற்காலியும் ஒரு நிமிஷமும் போதுமாக இருந்திருக்கிறது. உன் கடவுளுக்குத்தான் வெர்னியர் காலிப்பர் தேவைப்படுகிறது, பாவம்.

அந்தக் கடிதம் எங்கே?

அக்கா

---

மார்ச் 8

அக்கா,

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. பிப்ரவரி 21 அன்று வந்தது. உறையின் மேல் ஆஸ்பத்திரியின் முத்திரையும் அவர் பெயரும். கூடத்துக்கு வரும் தபால் எல்லாம் அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும், அது இங்கே விதி. அலுவலகம் என்பது நான்தான். அதற்கு முன்பே உன் கடிதம் வந்துவிட்டது, அதனால் உறையைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. 'திறப்பு விழா முடியட்டும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ என்ன திட்டுவாய் என்று தெரியும். திட்டுவதற்கு முன் இதையும் கேட்டுக்கொள்.

போன வியாழக்கிழமை அவர் காலரைத் தளர்த்திக்கொண்டு வந்தார். "சார், சட்டை கொஞ்சம் இறுக்குது. நானே தச்சது, அளவு தப்பாது"ன்னு சொல்லிச் சிரித்தார். பிப்ரவரி முழுக்க ஊர் ஊராகப் போனதில் நான் அளக்கவே இல்லை. அளந்தேன். 19.6. கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன், 19.6. என் சொந்தக் கட்டைவிரலை அளந்து பார்த்தேன், கருவி சரியாகத்தான் இருந்தது. நேற்று 22.0. இப்போது வலது பக்கத்திலும் ஒன்று தட்டுப்படுகிறது, சின்னதாக.

இந்த இரண்டு அளவையும் நான் அட்டவணையில் எழுதவில்லை. அட்டவணை ஜனவரியோடு முடிந்துவிட்டது, புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்று காரணம் இருக்கிறது. வகுப்பில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் செய்முறை நோட்டைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "குறைஞ்சிட்டுத்தான் இருக்கு"ன்னு சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உறையை நான் பிரிக்கட்டுமா? என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். நீயே சொல், என்ன இருக்கிறது அதில்?

தம்பி

---

மார்ச் 11
(கூரியரில்)

பிரிக்காதே. அது உன் பெயருக்கு வரவில்லை. பக்குவமாக எடுத்துச் சொல்ல நீ யார்? உன் பக்குவத்தைத்தான் பதினெட்டு நாளாக இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறாயே.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே எழுந்து போய் அவரிடம் கொடு. கூடவே, எத்தனை நாளாக உன்னிடம் இருந்தது என்பதையும் உன் வாயால் சொல். ஆஸ்பத்திரியில் முதல் மாடி, மூன்றாம் அறை. காலை எட்டு மணிக்கே போனால் வரிசை இருக்காது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், அப்புறம் திட்டுவதை நிறுத்திக்கொள்கிறேன். உன்னை நம்பிக்கை மிஞ்சிப்போன மடையன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மடையன் என்றாலும் நேர்மையான மடையன் என்று. அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம். அவர் குணமாகிவிட்டார் என்று நீ நிஜமாகவே நம்பியிருந்தால், உறை வந்த அன்றே ஓடிப்போய், "பிரிங்க, எல்லாரும் பார்க்கட்டும்"ன்னு மேடையிலேயே கொடுத்திருப்பாய். நீ பயந்தாய். ஆஸ்பத்திரியின் வார்த்தை கடவுளின் வார்த்தையை விடப் பெரியது என்று இந்த வீட்டில் நம்புகிற ஒரே ஆள் நீதான்.

இன்றைக்கே கொடு.

அக்கா

---

மார்ச் 17

அக்கா,

13 அன்று மத்தியானம் உன் கடிதம் கிடைத்தது. அப்போதே கொடுத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் பின்னறையில் புதுக் கூடத்துக்கான திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். உறையை நீட்டினேன். மெஷினை நிறுத்தவில்லை. "வெச்சிட்டுப் போங்க சார், இந்த ஓரத்தை முடிச்சிடறேன்" என்றார். நான் நகரவில்லை. நிமிர்ந்து பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கத்தரிக்கோலால் உறையின் ஓரத்தை நூல் பிடித்த மாதிரி வெட்டினார். உடனே வந்து டாக்டரைப் பார்க்கும்படி நாலு வரி, அதோடு அறிக்கை இணைத்திருந்தது. இரண்டு தடவை படித்தார். அப்புறம் உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"இருபத்தொண்ணாம் தேதி. போன மாசம்."

"இன்னிக்குப் பதிமூணு." விரல் விட்டு எண்ணினார். "இருபது நாள். இதுக்கு நடுவுல நாலு ஊர்ல என்னைப் பேச வெச்சீங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். 19.6, 22.0, நான் பொய் சொன்னது, எல்லாம். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. என் நேர்மையை எங்காவது நிரூபித்துவிட வேண்டும் போல இருந்தது. உன் கடிதங்களையும், நான் உனக்கு எழுதியவற்றின் நகல்களையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அக்கா எவ்வளவு போராடினாள் என்று அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன், அதுவும் ஒரு பக்கம். அவர் மெஷின் பலகை மேல் வரிசையாக வைத்து, தேதிப்படி அடுக்கி, ஒன்று விடாமல் படித்தார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தப்பாகத் தைத்த துணியைப் பார்ப்பது போலப் பார்த்தார், எங்கே பிரித்தால் சரியாகும் என்று யோசிப்பது போல. பிரித்தும் பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"நல்லா எழுதறீங்க ரெண்டு பேரும்" என்றார். "படிச்சவங்க எழுதினா அது தனிதான். உங்க அக்கா எந்த ஊரு?"

சொன்னேன்.

"ரயில்ல எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணி நேரம்."

"அஞ்சு மணி நேரம்." தலையை ஆட்டினார். "பதினேழாம் தேதியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வந்து என் முன்னாடி நின்னு, 'ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போங்க'ன்னு ஒரு வார்த்தை. நோயோட பேரைக்கூடச் சொல்ல வேண்டாம், போங்கன்னா போயிருப்பேன். நீங்க இழுப்பறையில பூட்டி வெச்சீங்க. அவங்க வரிக்கு வரி உங்களைத் திட்டி ஜெயிச்சிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி லெட்டர் எழுதியிருக்கீங்க, கழுத்து என்னுது."

நான் உன் பக்கம் பேசினேன் அக்கா. சட்டம் இருக்கிறது, தொழில் ஒழுங்கு இருக்கிறது, உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்றேன். "இருக்கட்டும்" என்றார். "நானும் ஒழுங்காத்தான் தைக்கிறேன். ஒருத்தன் சட்டையில தீ பிடிச்சா அளவு டேப்பைத் தேடிக்கிட்டு இருக்கமாட்டேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் வருவதை அவர் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. நிணநீர்க் கட்டிகளில் வருகிற புற்று என்றார் டாக்டர். உனக்குத் தெரிந்ததுதான். இந்த வகை கொஞ்ச நாள் தானாகவே சுருங்கும், திரும்ப வளரும், அப்படித்தான் அதன் குணமாம். வேண்டிக்கொண்டாலும் சுருங்கும், வேண்டிக்கொள்ளாவிட்டாலும் சுருங்கும். என்னுடைய 12.2 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன். மருந்து இருக்கிறதாம், நன்றாகக் கேட்கக்கூடிய நோயாம். ஆனால் டிசம்பரிலேயே வந்திருக்க வேண்டும் என்றார். டிசம்பரில் கழுத்தோடு நின்றிருந்ததா என்று நான் கேட்டேன். "அது இனிமே யாருக்கும் தெரியாதுங்க. இப்ப ஸ்கேன்ல வயித்துலயும் தெரியுது" என்றார். அவர் என்னை நோயாளியின் தம்பி என்று நினைத்துக்கொண்டார். தையல்காரர் திருத்தவில்லை.

கூடத்தின் பெரியவரிடம் போய், புத்தகத்தை நிறுத்த வேண்டும் என்றேன். காது கொடுத்துக் கேட்டார். "நூத்துல ஒண்ணு போச்சு, அவ்வளவுதானே. தொண்ணூத்தொன்பதுன்னு போடு. அதுவே இன்னும் நம்பற மாதிரி இருக்கும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தக் கணக்கைக் கற்றுக் கொடுத்தது நான்தான். இப்போது பழைய பள்ளிக்கூட நண்பன் ஒருவன் வீட்டு மாடியில் இருக்கிறேன். தையல்காரர் தன் மூடிய கடையைத் திறந்து அங்கேயே படுத்துக்கொள்கிறார். அவருக்கு யாரும் இல்லை. 23ஆம் தேதி, புதன்கிழமை, முதல் மருந்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று கடைக்குப் போயிருந்தேன். வாசலோடு திரும்பி வந்துவிடலாம் என்று பார்த்தேன். அவரே கூப்பிட்டார். "சார், வேண்டிக்கிறதை விட்டுடாதீங்க. எனக்கு அதுல இன்னும் நம்பிக்கை இருக்கு, உங்க மேலதான் இல்ல" என்றார். "ஆனா இந்தத் தடவை அளக்காதீங்க."

உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்.

தம்பி

---

மார்ச் 20

தம்பி,

அவர் சொன்னது சரி.

பதில் என்று மூன்று பக்கம் எழுதினேன். நோயாளியின் ரகசியம், என் கையெழுத்தின் பொறுப்பு, குமாஸ்தாவுக்கு நான் போன் செய்த தேதி எல்லாம் வரிசையாக எழுதினேன். எழுதி முடித்து வாசித்தால் அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 17 அன்று மதியம் எனக்கு லீவு இருந்தது. மூன்று மணிக்கு ரயிலும் இருந்தது. உன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்ற வீம்பில்தான் நான் ஏறவில்லை. அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்துக்கொண்டேன். அந்த எண்ணுக்காக அன்றைக்கும் கும்பிட்டேன், அடுத்த நாளும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து உன்னைக் கிழிக்க வார்த்தை தேடினேன். உனக்கு இழுப்பறை என்றால் எனக்கு இந்தத் தாள்.

உன் மேல் எனக்கிருந்த இளக்காரம் குறைந்துவிடவில்லை. இப்போது பங்கு போட ஆள் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். புதன்கிழமை அவர் பக்கத்தில் முதல் மூன்று மணி நேரம் நீ உட்கார், அடுத்த மூன்று மணி நேரம் நான் உட்காருகிறேன். நான் வேண்டாம் என்று அவர் சொன்னால் வெளியே பெஞ்சில் இருப்பேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அதற்கும் அவர்தானே பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். தண்ணீர் கேட்டால் கொடுப்போம். அவராகப் பேசினால் கேட்டுக்கொள்வோம். நாம் இருவரும் வாயைத் திறக்க வேண்டாம்.

இதற்குப் பதில் எழுதாதே.

அக்கா